இலேசான மரப்பாலம், கனமான சுமை: பள்ளி ப்ராஜெக்டுக்கு மாதிரிப் பாலம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

மாதிரிப் பாலத்தின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு மணலைக் கொட்டிக்கொண்டே வந்தால், உடைவதற்குச் சற்று முன்பு ஒரு காட்சி தெரியும். மேலே படுத்திருக்கும் குச்சி மெல்லப் பக்கவாட்டில் வில் மாதிரி வளையும். அடுத்த நொடி படக்கென்று சத்தம், பாலம் கீழே கிடக்கும். பார்த்தவர்கள் "குச்சி உடைஞ்சிடுச்சு" என்பார்கள். குச்சி முதலில் உடையவில்லை, வளைந்தது. வளைந்த பிறகுதான் உடைந்தது.

இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாலம் கட்டுவதில் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரும்பாலான மாணவர்கள் பாலம் பலவீனமாக இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லா இடத்திலும் மரத்தைச் சேர்க்கிறார்கள். எடை ஏறுகிறது, பலம் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. வளையக்கூடிய குச்சிகளுக்கு மட்டும் மரத்தைக் கொடுத்து, மற்ற இடங்களில் தாராளமாகக் குறைத்தால் பத்து கிராமுக்கும் குறைவான பாலம் பல கிலோ எடையைத் தாங்கும். எந்தக் குச்சி வளையும், எது வளையாது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வடிவமைப்பு.

முதலில் விதிகளைப் படியுங்கள்

குச்சியைத் தொடுவதற்கு முன் ஆசிரியர் கொடுத்த விதித்தாளை இரண்டு முறை படியுங்கள். தாங்கிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், அதிகபட்ச எடை எவ்வளவு, எந்த மரம், எந்தப் பசை, சுமை எந்த இடத்தில் எப்படி ஏற்றப்படும் என்ற ஐந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஐந்தாவது கேள்விதான் முக்கியம். பாதைக்கு மேலே பலகை வைத்து ஏற்றுவார்களா, கீழே கொக்கி மாட்டித் தொங்கவிடுவார்களா என்பதைப் பொறுத்து பாலத்தின் நடுப்பகுதியே மாறும். புரியவில்லை என்றால் கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண் எப்படி என்பதும் தெரிய வேண்டும். பொதுவாக, தாங்கிய எடையைப் பாலத்தின் சொந்த எடையால் வகுப்பார்கள். 10 கிராம் பாலம் 15 கிலோ தாங்கினால் 1500. 25 கிராம் பாலம் 25 கிலோ தாங்கினால் 1000தான். அதிகச் சுமை தாங்கிய பாலம் தோற்றுப்போவது இப்படித்தான்.

இழுப்பதும் அமுக்குவதும் ஒன்றல்ல

இந்தச் சோதனையைத் தவறாமல் செய்து பாருங்கள், பதினைந்து நிமிடம் போதும். பால்சா என்பது மிக இலேசான ஒரு மரம். 3 மி.மீ. சதுரப் பால்சா குச்சியில் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். டிஜிட்டல் தராசின் மேல் அதைச் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையில் ஒரு தட்டையான ரப்பரை வைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். தராசில் எண் ஏறும். 200 கிராம் பக்கம் வந்ததும் குச்சி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளையும். இப்போது கவனியுங்கள்: இன்னும் அழுத்தினால் வளைவு கூடுகிறதே தவிர, எண் ஏற மறுக்கிறது. அந்தக் குச்சியின் எல்லை அவ்வளவுதான்.

அதே குச்சியைப் பாதியாக வெட்டி 15 செ.மீ. துண்டை அழுத்துங்கள். எண் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்போம். நான்கு மடங்கு ஆகும், ஏறக்குறைய 900 கிராம். இன்னொரு முறை பாதியாக்கினால் 7.5 செ.மீ. துண்டு சுமார் மூன்றரைக் கிலோ வரை நிற்கும். பால்சாவின் கடினம் துண்டுக்குத் துண்டு மாறும் என்பதால் உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் நீளம் பாதியானால் பலம் நான்கு மடங்கு என்ற விகிதம் மாறாது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான்.

தடிமனிலும் இப்படி ஒரு வியப்பு இருக்கிறது. சதுரக் குச்சி 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ. ஆனால் எடை 1.8 மடங்குதான் கூடும், வளைவதற்கான எதிர்ப்போ மூன்று மடங்குக்கு மேல் கூடும்.

சரி, அதே குச்சியின் இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து அறுப்பது எளிதல்ல. இழுபடும் குச்சிக்கு வளையும் பிரச்சினையே இல்லை, அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை. ஆகவே இழுபடும் குச்சி மெல்லியதாக, நீளமாக இருக்கலாம். அமுங்கும் குச்சி குட்டையாக, தடிமனாக இருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். அமுக்கத்தில் இருக்கும் உறுப்புகள் சுமார் 3.6 மீட்டர் விட்டமுள்ள பிரம்மாண்டக் குழாய்கள். இழுவிசையில் இருப்பவை மெல்லிய கம்பிப் பின்னல் போன்ற சட்டங்கள். எது அமுங்குகிறது, எது இழுபடுகிறது என்று தூரத்திலிருந்தே படித்துவிடலாம். மாறாக, கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே 1907 ஆகஸ்ட் 29 அன்று இடிந்து 75 தொழிலாளர்கள் இறந்தனர். அமுக்கத்தில் இருந்த எஃகு உறுப்புகள் போதிய பலமில்லாமல் வளைந்ததுதான் காரணம். விழுவதற்கு முந்தைய நாட்களிலேயே அந்த வளைவு கண்ணுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மாதிரிப் பாலத்தின் மேல் குச்சி வளையும்போது நடப்பதும் அதே இயற்பியல்தான்.

எந்த வடிவம்?

நாலு குச்சியை ஆணியடித்துச் சதுரமாக்கினால் ஒரு தள்ளுத் தள்ளியதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சியால் செய்த முக்கோணம் சாயாது, சாய வேண்டுமென்றால் ஒரு குச்சி நீள வேண்டும் அல்லது சுருங்க வேண்டும். முக்கோணங்களை வரிசையாகக் கோர்த்ததுதான் ட்ரஸ். மாதிரிப் பாலங்களில் அதிகம் கட்டப்படுபவை மூன்று.

ஹோவ் ட்ரஸ் (1840): சாய்வுக் குச்சிகள் அமுங்கும், செங்குத்துக் குச்சிகள் இழுபடும். சாய்வு மரத்திலும் செங்குத்து இரும்புக் கம்பியிலும் கட்டிய காலத்தில் இது அருமையான யோசனை. முழுக்க மரத்தில் செய்யும் நமக்கு நீளமான குச்சி அமுங்குவது நல்லதல்ல.

பிராட் ட்ரஸ் (1844): இதற்கு நேர் எதிர். குட்டையான செங்குத்துக் குச்சிகள் அமுங்கும், நீளமான சாய்வுக் குச்சிகள் இழுபடும். ஆய்லர் சொன்னதோடு ஒத்துப்போகிற அமைப்பு.

வாரன் ட்ரஸ் (1848): செங்குத்துக் குச்சிகளே இல்லை, சம பக்க முக்கோணங்கள் மட்டும். குச்சிகள் குறைவு, மூட்டுகள் குறைவு, பசையும் குறைவு. சாய்வுக் குச்சிகள் ஒன்றுவிட்டு ஒன்று அமுங்கும், இழுபடும்.

முதல் முறை கட்டுபவர்களுக்கு நான் வாரனைத்தான் சொல்வேன். மாதிரிப் பாலத்தில் குச்சியை விட மூட்டுதான் அதிகம் தொல்லை கொடுக்கும், எனவே மூட்டு எண்ணிக்கை குறைவது பெரிய லாபம். எல்லாச் சாய்வுக் குச்சியும் ஒரே நீளம் என்பதால் வெட்டுவதில் தப்பும் குறையும். வளைவுப் பாலம் பார்க்க அழகுதான். ஆனால் அதன் கால்கள் வெளிப்பக்கமாகத் தள்ளும், அந்தத் தள்ளலைத் தாங்க இரு பக்கமும் தடுப்பு வேண்டும். பெரும்பாலான பள்ளிச் சோதனைகளில் பாலத்தைச் சும்மா இரண்டு மேசைகளின் மேல் வைப்பார்கள், தடுப்பு இருக்காது.

எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு

உயரம் கூடக்கூட மேல் குச்சியிலும் கீழ் குச்சியிலும் விசை குறையும். உயரத்தை இரட்டித்தால் அந்த விசை பாதியாகும். அப்படியானால் வானளவு உயர்த்திவிடலாமே என்றால், சாய்வுக் குச்சிகளும் நீண்டுவிடும். நீளம் இரட்டித்தால் அவற்றின் பலம் கால்வாசியாகிவிடும், எடையும் ஏறும். தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை உயரம் வைப்பது நல்ல தொடக்கம்.

சாய்வுக் கோணம் 45 முதல் 60 பாகைக்குள் இருக்கட்டும். 5 கிலோவைக் கீழிருந்து மேலே கடத்த, 60 பாகையில் சாய்ந்த குச்சி 5.8 கிலோ தாங்கினால் போதும். 45 பாகை என்றால் 7.1 கிலோ. 30 பாகை என்றால் 10 கிலோ. படுத்துக்கொண்டே இருக்கும் குச்சிக்கு வேலை அதிகம்.

விசைக் கணக்கு: ஒரு முழு உதாரணம்

தாங்கிகளுக்கு இடையே 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே 75 மி.மீ. வீதம் நான்கு கட்டங்கள், மேலே மூன்று கட்டங்கள், எல்லாம் சம பக்க முக்கோணங்கள், உயரம் 65 மி.மீ. ஒரு பக்க ட்ரஸில் ஒன்பது மூட்டுகள், பதினைந்து குச்சிப் பகுதிகள். இதற்கு எளிய சோதனை உண்டு: மூட்டு எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழியுங்கள். 9 × 2 − 3 = 15. முக்கோணங்களாலேயே கட்டிய ட்ரஸில் இந்தக் கணக்கு பொருந்தும். குச்சிகள் இதைவிடக் குறைந்தால் பாலம் ஆட்டம் காணும். கூடினால் எங்கோ தேவையில்லாத எடை இருக்கிறது.

நடுவில் 20 கிலோ தொங்குகிறது. ட்ரஸ்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ. ஒவ்வொரு ட்ரஸையும் இரண்டு முனைகள் தாங்குகின்றன, முனைக்கு 5 கிலோ.

இனி கற்பனையில் ட்ரஸை நடுவே வெட்டி, இடது பாதியை மட்டும் பாருங்கள். கீழ் நடு மூட்டை அச்சாக வைத்தால், 150 மி.மீ. தள்ளியிருக்கும் தாங்கி 5 கிலோவால் மேலே தள்ளுகிறது. ஏற்றம் இறைக்கும் மரம் மாதிரி அந்தப் பாதி சுழலப் பார்க்கிறது. அதைத் தடுப்பது 65 மி.மீ. உயரத்தில் இருக்கும் மேல் குச்சி. ஆக, 5 × 150 ÷ 65 = 11.5 கிலோ. நடுவில் உள்ள மேல் குச்சி இவ்வளவு அமுக்கத்தைத் தாங்க வேண்டும்.

கீழ் குச்சிக்கும் இதே வழிதான். அதற்கு எதிரே மேலே உள்ள மூட்டு, தாங்கியிலிருந்து 112.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. 5 × 112.5 ÷ 65 = 8.7 கிலோ இழுவிசை. சாய்வுக் குச்சிகள் எட்டிலும் 5.8 கிலோ வீதம் இருக்கும். தாங்கியை ஒட்டிய முதல் குச்சி அமுங்கும், அடுத்தது இழுபடும், மூன்றாவது அமுங்கும், நடு மூட்டில் சேரும் நான்காவது இழுபடும். மறு பாதியிலும் அப்படியே.

இந்த எண்களை ட்ரஸ் படத்தின் மேலேயே எழுதுங்கள். அமுங்குபவற்றைச் சிவப்பிலும் இழுபடுபவற்றை நீலத்திலும் வரைந்துவிட்டால், எங்கே மரம் வேண்டும் என்று படமே சொல்லும்.

இப்போது தடிமன். 75 மி.மீ. நீள 3 மி.மீ. சதுரக் குச்சி மூன்றரைக் கிலோவிலேயே வளைந்துவிடும் என்று தராசில் பார்த்தோம். அதே கணக்கில் 4 மி.மீ. குச்சி சுமார் 11 கிலோ தாங்கும், 5 மி.மீ. குச்சி சுமார் 28 கிலோ. ஆகவே 11.5 கிலோ தாங்க வேண்டிய மேல் குச்சிக்கு 5 மி.மீ. அமுங்கும் சாய்வுக் குச்சிகளுக்கு 4 மி.மீ. இழுபடும் சாய்வுகளுக்கு 3 மி.மீ. கீழ் குச்சிக்கு 3 மி.மீ.கூடப் போதும்போலத் தோன்றும். ஆனால் மரத்தில் ஒரு சிறு குறை இருந்தாலும் மொத்தமும் போய்விடும் இடம் அது, 4 மி.மீ. வையுங்கள். குறுக்குக் குச்சிகளையும் சேர்த்து மொத்த மரம் ஏறக்குறைய 45 கன செ.மீ. நடுத்தரப் பால்சாவில் இது 7 கிராம் சொச்சம்.

காகிதத்தில் 20 கிலோ வந்துவிட்டது என்பதற்காக முதல் பாலமே 20 கிலோ தாங்காது. குச்சிகள் முழுக்க நேராக இருக்காது, மூட்டுகள் சரியாக உட்கார்ந்திருக்காது. கணக்கின் பயன் வேறு: கண்மூடித்தனமாக மரத்தைச் சேர்க்காமல் தடுப்பது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது

ஒரே கட்டில் வாங்கிய பால்சா குச்சிகளுக்குள்ளேயே எடை வேறுபாடு அதிகம். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள பால்சாவும் உண்டு, 250 கிலோ எடையுள்ளதும் உண்டு. 90 செ.மீ. நீள 3 மி.மீ. குச்சி 0.8 கிராமும் இருக்கலாம், 2 கிராமும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் ஒவ்வொரு குச்சியையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் முனையில் எழுதி வையுங்கள்.

அப்புறம் மேசை விளிம்பில் ஒரு முனையை அமுக்கிப் பிடித்து, மறுமுனையில் ஒரு கிளிப்பை மாட்டி, எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். குறைவாகத் தொங்கும் விறைப்பான குச்சிகள் அமுங்கும் இடங்களுக்கு. நார் நேராக ஓடும் குச்சிகள் இழுபடும் இடங்களுக்கு. நார் குறுக்காகச் சாய்ந்து வெளியேறும் குச்சியை இழுவிசையில் வைத்தால் அந்தச் சாய்விலேயே பிளந்துகொள்ளும். மிக இலேசானவற்றைக் குறுக்குப் பிணைப்புகளுக்கு ஒதுக்குங்கள். குச்சியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். ஏற்கெனவே வளைந்திருக்கும் குச்சியை மேல் குச்சியாக வைத்தால் அது பாதி வழி நெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐஸ் குச்சியில்தான் கட்ட வேண்டும் என்று விதி இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏறக்குறைய 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள அந்தக் குச்சி, தட்டையான பக்கமாக வளைவதை விட விளிம்புப் பக்கமாக வளைய 25 மடங்கு தயங்கும். அமுக்கினால் எப்போதும் தட்டையான பக்கமாகத்தான் ஓடும். அமுங்கும் இடங்களில் ஒற்றைக் குச்சியை நம்பாதீர்கள். இரண்டு குச்சிகளை 'ட' வடிவில் விளிம்போடு விளிம்பாக ஒட்டினால் இரண்டு பக்கமும் விறைப்பு கிடைக்கும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவதை விட இது பல மடங்கு பலம், எடை அதேதான்.

வரைந்து, வெட்டி, வரைபடத்தின் மேலேயே கட்டுங்கள்

உண்மை அளவில் வரைபடம் போடுங்கள். அதை மென்மையான பலகையில் ஒட்டி, மேலே மெழுகுத்தாளையோ பிளாஸ்டிக் தாளையோ விரியுங்கள், பசை ஒட்டாமல் இருக்க. ஒவ்வொரு குச்சியின் இருபுறமும் குண்டூசி குத்தி இடத்தை நிறுத்துங்கள். குச்சியின் மேல் குத்தாதீர்கள், ஊசித் துளையிலிருந்துதான் பிளவு தொடங்கும்.

மேல் குச்சியும் கீழ் குச்சியும் நடுவே ஒட்டில்லாமல் ஒவ்வொன்றும் ஒரே துண்டாக இருக்கட்டும். கீழ் குச்சியை 320 மி.மீ. வெட்டுங்கள், தாங்கிகளின் மேல் இரு பக்கமும் 10 மி.மீ. உட்கார வேண்டும். ஒட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் முனையோடு முனை ஒட்டாமல், இரண்டையும் நீளமான சரிவாகச் சீவி ஒட்டுங்கள். 4 மி.மீ. குச்சிக்கு 35, 40 மி.மீ. நீளச் சரிவு வேண்டும், அதுவும் பாலத்தின் நடுப்பகுதியில் வேண்டாம்.

வெட்டுவதற்குப் புதிய பிளேடு. மழுங்கிய பிளேடு பால்சாவை வெட்டாது, நசுக்கும். ஒரே மூச்சில் வெட்டாமல் மூன்று நான்கு முறை மெல்ல இழுங்கள். சாய்வுக் குச்சிகளை அரை மி.மீ. நீளமாக வெட்டிவிட்டு, உப்புத்தாளில் தேய்த்துச் சரியான கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். இளைய மாணவர்கள் வெட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூட்டுகள்: அவசரப்படக்கூடாத இடம்

2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸில், மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் வாகனங்களோடு விழுந்து 13 பேர் இறந்தனர். உறுப்புகளை இணைத்த மூட்டுத் தகடுகள் சில, இருக்க வேண்டிய தடிமனில் ஏறக்குறைய பாதியே இருந்தன. வடிவமைப்பில் நேர்ந்த தவறு அது. மாதிரிப் பாலத்திலும் குச்சி நன்றாக இருந்து மூட்டு பிய்ந்துபோவது அன்றாடக் கதை.

அமுங்கும் குச்சியின் மூட்டும் இழுபடும் குச்சியின் மூட்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. அமுங்கும் குச்சி மூட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. அங்கே பசையை விட, முனை கச்சிதமாக உட்காருவதுதான் முக்கியம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடைவெளி வழியே வெளிச்சம் தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்பிச் சமாளிக்கப் பார்ப்பார்கள் பலர். பசை கனமானது, அங்கே பலமும் தராது.

இழுபடும் குச்சி மூட்டிலிருந்து பிரிந்து போகப் பார்க்கிறது. அங்கே பசையின் பரப்புதான் எல்லாம். குச்சியின் வெட்டு முனை, அடுக்கி வைத்த நுண்குழாய்களின் வாய் மாதிரி. வைத்த பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிடிமானம் தராது. நாரின் பக்கவாட்டில் பசை படும்படி, குச்சியைக் கீழ் குச்சியின் மேல் படியவைத்து ஒட்டுங்கள், அல்லது 1 மி.மீ. பால்சாத் தாளில் சிறு மூட்டுத் தகடு வெட்டி இருபுறமும் ஒட்டுங்கள். தகட்டின் நார் இழுவிசையின் திசையில் ஓட வேண்டும். முனையில் ஒட்டியே ஆக வேண்டிய இடத்தில், முதலில் மெல்லிய பசைப் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிடுங்கள். உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு இரண்டாவது பூச்சோடு ஒட்டுங்கள்.

பசையைப் பொறுத்தவரை வெள்ளை மரப்பசை பொறுமைக்காரர்களுக்கு. பிடிமானம் நன்றாக இருக்கும், முழுக்க இறுக ஒரு நாள் வேண்டும். சூப்பர் க்ளூ நொடியில் பிடிக்கும், எடையும் குறைவு, ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணுக்குப் பாதுகாப்போடு வேலை செய்யுங்கள். பஞ்சின் மேலோ பருத்தித் துணியின் மேலோ கொட்டினால் வேகமாகச் சூடாகும், சிந்தியதைத் துணியால் துடைக்காதீர்கள். எந்தப் பசையானாலும் பல் குச்சி முனையில் எடுத்து வையுங்கள். குச்சிகள் சேர்ந்ததும் ஓரத்தில் மெல்லிய கோடு பிதுங்கினால் போதும், உருண்டை பிதுங்கினால் வழித்துவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்னும், காய்ந்த பின்னும் நிறுத்துப் பார்த்தால் பசைக்கு மட்டும் எத்தனை கிராம் போனது என்று தெரியும்.

இரண்டு ட்ரஸ்களை ஒரு பாலமாக்குவது

முதல் ட்ரஸின் மேலேயே இரண்டாவதை வைத்துச் சரிபாருங்கள், மூட்டுகள் அச்சாகப் பொருந்த வேண்டும். பிறகு இரண்டையும் 60 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, மூலைமட்டம் வைத்து, குறுக்குக் குச்சிகளை ஒட்டுங்கள்.

ஒவ்வொரு மேல் மூட்டிலும் ஒரு குறுக்குக் குச்சி கட்டாயம். ஏனென்றால் மேல் குச்சியை 75 மி.மீ. என்று நாம் கணக்கிட்டது, ஒவ்வொரு மூட்டிலும் அது பிடித்து நிறுத்தப்படும் என்று நம்பித்தான். பக்கவாட்டில் பிடிப்பு இல்லாவிட்டால் அது 225 மி.மீ. நீள ஒற்றைக் குச்சியாகிவிடும். நீளம் மூன்று மடங்கு, பலம் ஒன்பதில் ஒரு பங்கு. 28 கிலோ தாங்க வேண்டியது மூன்று கிலோவில் பக்கவாட்டில் சரியும். குறுக்குக் குச்சிகள் மட்டும் போட்டாலும் போதாது, இரண்டு ட்ரஸ்களும் சேர்ந்து ஒரே பக்கம் சாயும். குறுக்குகளுக்கு இடையே மூலைவிட்டமாகக் குச்சிகளைப் போட்டு மேல் தளத்திலும் முக்கோணங்களை உருவாக்குங்கள். இரண்டு முனைகளிலும் சாய்வுக் குச்சிகளுக்கு நடுவே ஒரு பெருக்கல் குறிபோலப் பிணைப்பு வையுங்கள். இவற்றில் விசை மிகக் குறைவு, மெல்லிய இலேசான குச்சியே போதும்.

சுமை இறங்கும் இடம், பாலம் உட்காரும் இடம்

சுமை எப்போதும் மூட்டில் இறங்க வேண்டும். இரண்டு மூட்டுகளுக்கு நடுவே கீழ் குச்சியில் சுமை பட்டால் இழுவிசையோடு வளைவும் சேர்ந்து குச்சி ஒடியும். இரண்டு ட்ரஸ்களின் நடு மூட்டுகளின் மேலும் நேராக உட்காரும்படி சுமைப் பலகையை வைக்க முடிந்தால் அதுவே நல்லது.

குறுக்கு உத்திரத்தின் மேல்தான் சுமை இறங்கும் என்று விதி சொன்னால், அந்த உத்திரத்தைத் தனியாகக் கவனியுங்கள். முழு 20 கிலோவும் அதன் மேல் வரும். 3 மி.மீ. குச்சி அங்கே நிற்காது. 5 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம் வருமாறு இரண்டு பால்சாத் துண்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலைப் படுக்கவைத்தால் வளைகிறது, நிமிர்த்திப் பிடித்தால் வளைவதில்லை அல்லவா, அதே காரணம்தான். உயரம் இரட்டித்தால் உத்திரத்தின் பலம் நான்கு மடங்கு. ட்ரஸ்கள் முழுசாக இருக்க, நடு உத்திரம் மட்டும் ஒடிந்து வாளி கீழே விழுந்த பாலங்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படும், அவ்வளவு உழைப்பும் பயன்படாமல் போகிறது.

தாங்கியின் மேல் உட்காரும் முனைகளையும் கவனியுங்கள். மரத்தை நாரின் குறுக்கே அமுக்கினால் எளிதில் நசுங்கும். கீழே சிறு பட்டை ஒன்று ஒட்டி, தாங்கியில் படும் பரப்பைக் கூட்டுங்கள்.

சோதனை

பசை இறுக ஒரு நாள் முழுதும் விடுங்கள். காய்ந்த பிறகு சோதனை நாள் வரை பாலத்தை மூடிய பையில் வையுங்கள், இல்லாவிட்டால் மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடும்.

வாளி தரையிலிருந்து நாலைந்து விரல்கடை உயரத்திலேயே தொங்கட்டும், கீழே ஒரு மெத்தைத் துணி. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், காலை வாளிக்கு அடியில் நீட்டாதீர்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள், திடீரெனக் கொட்டினால் அதிர்வே பாலத்தை முறித்துவிடும். இரண்டு போன்களில் மெதுவேக வீடியோ எடுங்கள். ஒன்று பக்கவாட்டில். மற்றொன்று பாலத்தின் முனையிலிருந்து நீளவாக்கில் பார்க்கும்படி, மேல் குச்சி பக்கவாட்டில் ஓடுவது அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

உடைந்ததும் துண்டுகளை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அங்கேதான் அடுத்த பாலத்தின் வரைபடம் இருக்கிறது. குச்சி நடுவில் ஒடிந்திருந்தால் அது வளைந்து ஒடிந்தது. அங்கே இடைப்பிணைப்பு வேண்டும் அல்லது தடிமன் வேண்டும். மூட்டு சுத்தமாகப் பிரிந்து, குச்சி முனையில் மரநார் ஒன்றும் ஒட்டாமல் இருந்தால் பசை பிடிக்கவே இல்லை. முனையில் மரநார் கிழிந்து வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, பரப்பு போதவில்லை. பாலம் முறுக்கிக்கொண்டு விழுந்திருந்தால் இரண்டு ட்ரஸ்களும் ஒரே உயரமா, பிணைப்புகள் போதுமா என்று பாருங்கள். கீறலே இல்லாமல் நின்ற குச்சிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பாலத்தில் மெலிக்க வேண்டியவை அவைதான்.

கெடு தேதிக்கு இரண்டு வாரம் முன்பே முதல் பாலத்தை உடைத்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அறிக்கையிலும் இதை மறைக்க வேண்டாம். விசை எழுதிய சிவப்பு-நீல வரைபடம், குச்சிகளின் எடைப் பட்டியல், முதல் பாலம் எங்கே எத்தனை கிலோவில் உடைந்தது என்ற படம், அதைப் பார்த்து இரண்டாவதில் என்ன மாற்றினீர்கள் என்ற நான்கு வரி. இரண்டாவது பாலத்தை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது, முதல் பாலத்தின் ஒடிந்த மேல் குச்சியையும் பக்கத்தில் வையுங்கள்.